பாமாயில் பாயின் ஜீப்புக்கு வெந்நீர்

இந்தப் பூமியில் என் பொறுமையை இவ்வளவு தூரம் சோதித்த மனிதர் பாமாயில் பாயைத் தவிர வேறு எவரும் இல்லை. எனக்கு வாய்த்த மேலதிகாரிகள், என் மாமனார், வீட்டுக்குப் பாதிச் சுவர் வெள்ளையடித்துவிட்டுக் காணாமல் போன பெயிண்டர், எல்லாரையும் ஒரு தராசுத் தட்டில் ஏற்றி, மறுதட்டில் பாயை மட்டும் உட்கார வைத்தாலும் அவருடைய தட்டுதான் தரையில் இடிக்கும். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் குடவாசலில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால், அவர் வீட்டு வாசலில் நிற்பவரே, "அப்படி யாரும் இந்தப் பக்கம் இல்லீங்களே" என்பார். பாமாயில் பாய் என்று கேட்டால் கைக்குழந்தைகூட வழி காட்டும்.

வழி கேட்க வேண்டிய அவசியமும் பெரும்பாலும் வராது. அவருடைய பழைய ஜீப் தெருமுனையில் திரும்பும்போதே தெரு முழுக்க வடை வாசனை வந்துவிடும். மற்ற வண்டிகள் புகை விடும். இது உளுந்து வடை, வாழைக்காய் பஜ்ஜி, சமோசா என்று அன்றன்றைக்கு எதைச் சுட்ட எண்ணெயைக் குடித்ததோ அதை விடும். எங்கள் தெருவில் சர்க்கரை வியாதிக்காகப் பலகாரத்தை விட்டவர்கள் நிறையப் பேர். ஜீப் போகும் சத்தம் கேட்டால் அவர்கள் வாசலுக்கு வந்து, மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, மறுபடி உள்ளே போவார்கள். எந்த வண்டியைக் கண்டாலும் குரைத்துத் துரத்தும் தெரு நாய்கள், இந்த ஜீப்பை மட்டும் வாலை ஆட்டிக்கொண்டு கடைத்தெரு வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வரும்.

இப்போது நான் தஞ்சாவூரில் இருக்கிறேன். அப்போது குடவாசலில் அவர் வீட்டுக்கு அடுத்த வீடு எங்களுடையது. நான் பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில் கிளார்க். என் மனைவி வசந்தாதான் விவசாயி. அவள் அப்பா வழியில் வந்த ஒன்பது மா நிலத்தை, அதாவது மூன்று ஏக்கரை, நாற்று விடுவதிலிருந்து நெல் போடுவது வரை அவளே பார்த்தாள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் குடையோடு வரப்பில் போய் நிற்பேன். நிற்காமல் இருந்தால் இன்னும் உதவியாக இருக்கும் என்று அவள் சொல்வாள்.

பாய்க்குத் தொழில், கிராமம் கிராமமாகப் போய் பம்பு செட்டு இன்ஜின் ரிப்பேர் பார்ப்பது. அதற்கு முன்னால் வளைகுடா நாட்டில் பல வருஷம் மெக்கானிக்காக இருந்தவர். அங்கே டீசல் தண்ணீர் பட்ட பாடு. ஊர் திரும்பியதும், அரசாங்க ஆபீஸ் ஒன்று கழித்துக்கட்டிய ஜீப்பை அதன் குட்டி டிரெய்லரோடு சேர்த்து ஏலத்தில் எடுத்தார். பெருமையாகப் பெட்ரோல் பங்குக்கு ஓட்டிக்கொண்டு போய் டேங்கை நிரப்பச் சொன்னார். மீட்டர் ஓடிய வேகத்தைப் பார்த்தவர், "நிறுத்துப்பா, நிறுத்து! இது டீசலா, அத்தரா?" என்று கத்தியதாகச் சொல்வார்கள். அன்றைக்கே சபதம் போட்டார். இனி இந்த வண்டியின் வாயில் டீசல் படாது.

பட வேண்டிய அவசியமும் இல்லை என்பதுதான் கொடுமை. அந்தக் காலத்து டீசல் இன்ஜினுக்கு சென்சாரும் கிடையாது, நாக்கும் கிடையாது. எண்ணெய்ப் பசை உள்ள எதைக் கொடுத்தாலும் எரித்துவிடும். பாய் டீக்கடை டீக்கடையாகப் போய், சுட்டு மிஞ்சிய எண்ணெயைக் கேனில் வாங்கி வருவார். பீப்பாயில் ஊற்றி, கசடு அடியில் தங்கும் வரை வைத்திருந்து, பழைய வேட்டியை நான்காக மடித்து வடிகட்டி, பெரிய வாணலியில் காய்ச்சுவார். அதே எண்ணெயில் மறுநாளும் பஜ்ஜி போடாமல் கடைக்காரர்கள் அவரிடம் கொடுத்ததால் ஊரில் பலருடைய வயிறு தப்பித்தது என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

"எண்ணெய்ல தண்ணி கெடந்தா சடசடன்னு பேசிக்கிட்டே இருக்கும் மாப்ள. பேச்சு நின்னாத்தான் வண்டிக்கு ஊத்தலாம்" என்பார். சொல்லிவிட்டு, "சில மனுசங்களையும் இப்படிக் காய்ச்சிப் பார்க்கணும்" என்று என் பக்கம் திரும்புவார்.

மாப்ள என்ற சொல்லில்தான் நான் மாட்டிக்கொண்டேன். குடி வந்த முதல் வாரத்திலேயே அவர் வசந்தாவைத் தங்கச்சி என்று கூப்பிட்டுவிட்டார். தங்கச்சி புருஷன் மாப்பிள்ளைதானே? அதிலிருந்து நான் அவருக்கு மாப்ள. முறைப்படி நான் அவரை மச்சான் என்று கூப்பிட்டிருக்க வேண்டும். வைராக்கியமாகக் கூப்பிடவில்லை. கூப்பிட்டுவிட்டால் சொந்தம் ஊர்ஜிதமாகிவிடும், அப்புறம் எதற்கும் வாய் திறக்க முடியாது என்று எனக்கு ஒரு பயம். கடைசி வரைக்கும் பாய் என்று நிறுத்திக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

பள்ளிக்கூடம் அவர் போகிற வழியில் இருந்தது. "பஸ்ஸுக்கு எதுக்கு நிக்கிறீங்க, ஏறுங்க மாப்ள" என்று தினமும் வாசலில் வந்து நிற்பார். வேண்டாம் என்றால் வசந்தா முறைப்பாள். ஏறினால் சட்டை, பேன்ட், கைக்குட்டை, சாப்பாட்டுப் பை எல்லாம் வடை மணக்கும். நான் பைலோடு உள்ளே நுழைந்தால் தலைமை ஆசிரியர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். "வாங்க சார். இன்னிக்கு உளுந்தா, கடலைப் பருப்பா?" என்பார். ஸ்டாப் ரூமில் என் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கு மத்தியானத்துக்கு முன்பே பசி எடுத்துவிடும். அதற்கும் என்னைத்தான் திட்டுவார்கள்.

இதையாவது பொறுத்துக்கொண்டேன். நன்னிலத்தில் வசந்தாவின் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். பக்கத்து வீட்டுக்காரர் என்ற முறையில் பாய்க்கும் பத்திரிகை வைத்திருந்தார்கள். பட்டுச் சட்டை, அத்தர் என்று ஜோராகத்தான் வந்தார். தாலி கட்டுகிற நேரத்தில் ஆளைக் காணோம். தேடிப் போனால் சமையல் கட்டில் மாஸ்டரோடு தோளில் கை போட்டு நிற்கிறார். கெட்டிமேளச் சத்தம் கேட்டு இரண்டு பேரும் மணமேடைக்கு ஓடி வந்தார்கள். கல்யாண ஆல்பத்தில் இன்றைக்கும் அந்தப் படம் இருக்கிறது. எல்லாரும் அட்சதை போடுகிறார்கள். பாயும் போடுகிறார். அவருடைய இன்னொரு கையில் ஒரு பிளாஸ்டிக் கேன்.

"அவரு யாருங்க, கேனோட நிக்கிறாரு?" என்று மாப்பிள்ளை வீட்டார் என்னிடம் கேட்டார்கள். போட்டோகிராபரின் மாமா என்று சொல்லித் தப்பித்தேன்.

திரும்பி வரும்போது ஜீப்பில் பாய் தன் தீர்ப்பைச் சொன்னார். "பொண்ணு வீட்டுக்காரங்க தங்கமான ஆளுங்க மாப்ள. எண்ணெயை ஒரு தடவைக்கு மேல காய வைக்கவே இல்ல. இந்தக் கல்யாணம் நல்லா இருக்கும், பாருங்க."

அதற்குப் பிறகு அவரோடு எந்தக் கல்யாணத்துக்கும் போவதில்லை என்று முடிவெடுத்தேன். அவருக்கு என் துணை தேவைப்படவில்லை. குடவாசல் சுற்றுவட்டாரத்தில் எந்த மண்டபத்துச் சமையல் மாஸ்டரும் அவருக்கு உயிர்த் தோழன். கல்யாண வீட்டாருக்குப் பெண் மாப்பிள்ளை பெயர் தெரிவதற்கு முன்பே, அங்கே என்ன பலகாரம், எந்த எண்ணெய் என்று பாய்க்குத் தெரிந்திருக்கும்.

வண்டிக்கு நிஜமான பண்டிகைக்காலம் நோன்பு மாதம்தான். பாயின் மாமியார் வீடு அதிராம்பட்டினம். நோன்பு திறக்கும் நேரத்துக்கு அங்கே தெருவுக்குத் தெரு சமோசாவும் வடையும் சுடுவார்கள். மச்சினன்மார் எல்லாருமாக எண்ணெயைச் சேர்த்து வைத்திருப்பார்கள். பாய் டிரெய்லரை மாட்டிக்கொண்டு போய்க் கேன் கேனாக ஏற்றி வருவார். மருமகன் பெருநாள் துணி எடுத்துக்கொண்டு வருவார் என்று வாசலில் காத்திருந்த மாமியார், அவர் காலிக் கேன்களோடு இறங்குவதைப் பார்த்து அலுத்துப்போய்விட்டதாகப் பாயின் மனைவி பாயம்மாவே சொல்லியிருக்கிறார்.

ஒருமுறை அதில் மீன் வறுத்த எண்ணெய்க் கேன் ஒன்று கலந்துவிட்டது. அடையாளத்துக்குக் கட்டியிருந்த சிவப்புத் துணி வழியில் அவிழ்ந்து விழுந்திருக்கிறது. பாய்க்குத் தெரியாது, சில மாதம் கழித்து அதை டேங்கில் ஊற்றிவிட்டார். கார்த்திகை மாதம். எங்கள் தலைமை ஆசிரியர் ஐயப்பனுக்கு மாலை போட்டுக் கடும் விரதத்தில் இருந்தார். அன்றைக்கென்று மழை. வழியில் நனைந்துகொண்டு நின்றவரைப் பாய் வலிய அழைத்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். பின்சீட்டில் நான். கொஞ்ச தூரம் போவதற்குள் வண்டி முழுக்க வஞ்சிரம் மணந்தது. தலைமை ஆசிரியர் மூக்கைப் பொத்தினார். அப்புறம் கண்ணை மூடினார். "சாமியே சரணம்" என்று உரக்கச் சொல்லிவிட்டு, கொட்டுகிற மழையில் இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டார். அந்த வாரம் முழுக்க என் லீவு மனு எதிலும் அவர் கையெழுத்துப் போடவில்லை.

பாய்க்கு முகமே செத்துவிட்டது. டேங்கைக் கழற்றிக் கழுவினார். செக்கில் புது நல்லெண்ணெய் வாங்கி ஊற்றினார். தலைமை ஆசிரியர் மலைக்குப் போய் வரும் வரைக்கும் அந்த ஜீப் நல்லெண்ணெயில்தான் ஓடியது. தெருவே கோயில் பிரகாரம் மாதிரி மணந்தது. "இதுக்கு டீசலே மலிவாச்சே பாய்?" என்றேன். "மலிவுக்கா மாப்ள நான் ஓட்டுறேன்?" என்றார். பிறகு எதற்குத்தான் ஓட்டினார் என்று எனக்கு இன்று வரை புரியவில்லை.

டீக்கடையில் உட்கார்ந்தால் இதே பெருமைதான். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டிக் காட்டி, "ஒரு சொட்டு! அந்தப் பங்குக்குப் போன நாளுக்கப்புறம் என் வண்டி ஒரு சொட்டு டீசல் குடிச்சிருந்தா, இந்தச் சாவியை ஆத்துல எறிஞ்சிட்டு நடந்து போறேன்" என்பார். சாவியை எடுத்து மேஜையில் டொக்கென்று வைப்பார். கேட்டுக் கேட்டுக் கடைக்காரருக்கே அது மனப்பாடம்.

என் பொறுமை சுத்தமாகத் தீர்ந்தது ஒரு மார்கழியில். ரேஷன் பாமாயில் பாக்கெட் பனிக்காலத்தில் என்ன ஆகும் என்று அடுப்படி பார்த்த எல்லாருக்கும் தெரியும். நெய் மாதிரி உறைந்துபோகும். அந்த வருஷம் பாய்க்குக் கிடைத்ததில் முக்கால்வாசி பாமாயில். போதாததற்குப் பலகாரக் கடைக்காரர் ஒருவர் வனஸ்பதி வேறு கலந்து கொடுத்திருந்தார். விடியற்காலையில் டேங்கைத் திறந்தால் உள்ளே கெட்டியாகப் பாயசம் மாதிரி நிற்கும். அதை உருக்க ஒரே வழி, டேங்கைச் சுற்றிச் சாக்கைக் கட்டி, சாக்கின் மேல் வெந்நீர் ஊற்றுவதுதான்.

வெந்நீருக்கு எங்கே போவது? பாயம்மாவிடம் கேட்டிருக்கிறார். "பிள்ளைங்களுக்குப் பசியாறப் போடவே எனக்கு அடுப்பு பத்தல. உங்க வண்டிக்கு வேணும்னா நீங்களே அடுப்புல ஏறி உக்காந்துக்கங்க" என்று கதவைச் சாத்திவிட்டார். அடுத்த கதவு எங்களுடையது.

"தங்கச்சி! வெந்நீர் இருக்குமா?"

வசந்தாவுக்கு வயல்காட்டுக்குப் போக எப்படியும் விடியலில் எழுந்தாக வேண்டும். கொல்லையில் விறகடுப்பில் அண்டா நிறைய வெந்நீர் போடுவாள். அந்த வெந்நீரை நம்பித்தான் நான் மார்கழியில் குளிப்பது. "ஒரு வாளி எடுத்துக்கங்க பாய்" என்று அவள் சொல்லத்தான் சொன்னாள். டேங்க் உருகுவதற்குள் அண்டா காலி. மறுநாளும் காலி. அந்த மாதம் முழுக்க ஜீப்புக்கு வெந்நீர், எனக்குப் பச்சைத் தண்ணீர். நான் கொல்லையில் பல் கிட்டிக் குளித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் பாய் ஜீப்பின் வயிற்றில் பதமாக வெந்நீர் ஊற்றிக்கொண்டிருப்பார். எதிர்வீட்டு அம்மாள் பார்த்துவிட்டு, "பிள்ளை பெத்தவளுக்குக்கூட இப்படிப் பார்த்துப் பார்த்து ஊத்த மாட்டாங்க" என்றார்.

ஒருநாள் துண்டோடு நடுங்கிக்கொண்டே வாசலுக்கு வந்துவிட்டேன். "பாய், சின்னதா ஒரு கேன் டீசல் வச்சுக்கங்க. காலைல ஸ்டார்ட் பண்றதுக்கு மட்டும் அது. சூடானப்புறம் உங்க எண்ணெய்க்கு மாத்திக்கலாம். ஊர் உலகத்துல அப்படித்தான் செய்யறாங்களாம்."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "என்ன பேசுறீங்க மாப்ள? நோன்பு பிடிச்சவன்கிட்ட, காலைல மட்டும் ரெண்டு இட்லி சாப்பிட்டுக்கங்கன்னு சொல்ற மாதிரி இருக்கு."

ஆனாலும் என் நடுக்கம் அவர் மனதை ஏதோ செய்திருக்க வேண்டும். செல்போனில் ராப்பகலாக வீடியோ பார்த்து ஒரு வழி கண்டுபிடித்தார். எண்ணெயில் காஸ்டிக் சோடாவையும் ஒரு வகை ஸ்பிரிட்டையும் அளவாகச் சேர்த்தால் தண்ணீர் மாதிரி மெல்லிசான பயோடீசல் ஆகிவிடுமாம். பனிக்காலத்தில் அவ்வளவு சீக்கிரம் கெட்டியாகாதாம். "இனிமே உங்க வெந்நீர் உங்களுக்கே மாப்ள" என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தார். கொல்லையில் ஒரு பீப்பாய் எண்ணெயைக் கலக்கினார். எண்ணெயைக் காய்ச்சி அதன் பேச்சை நிறுத்த வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர், அவசரத்தில் அன்றைக்குக் காய்ச்சவே இல்லை. தண்ணீரும் சோடாவும் எண்ணெயும் சேர்ந்தால் என்ன ஆகும்? மறுநாள் காலை பீப்பாய் நிறையச் சோப்பு.

அதையும் அவர் வீணாக்கவில்லை. கட்டி கட்டியாக வெட்டித் தெரு முழுக்க விநியோகித்தார். எங்கள் வீட்டுக்கு, ஒரு மாத வெந்நீருக்கு ஈடாக, இரண்டு பங்கு. என் வெள்ளைச் சட்டை ஒன்றை அதில் துவைத்தோம். அழுக்கு போனது. சட்டையும் போனது. மிஞ்சிய காலரில் பஜ்ஜி வாசனை மட்டும் போகவே இல்லை. மறுநாள் விடியலில் வழக்கம்போல், "தங்கச்சி! வெந்நீர் இருக்குமா?"

தை பிறந்தது. அந்த வருஷம் வசந்தாவுக்குச் சோதனையான வருஷம். ஐப்பசி மழையில் முதல் நடவு முழுகி அழுகிவிட்டது. அவள் அழவில்லை. நாற்றுக் கிடைக்கும் இடமெல்லாம் அலைந்து வாங்கி வந்து, மறுபடியும் நட்டாள். அது விளைந்து, அறுத்து, கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டியும் ஆயிற்று. அங்கே சாக்கு வரவில்லை என்று எடை போடாமல் நிறுத்தி வைத்திருந்தார்கள். திறந்தவெளி மைதானம், பள்ளமான இடம். அவளுடைய ஒரு வருஷ உழைப்பு முழுக்க ஒரு கிழிந்த தார்பாலினுக்குக் கீழே குவியலாகக் கிடந்தது. நனைந்தால் முளைத்துவிடும். முளைத்த நெல்லை எவரும் வாங்க மாட்டார்கள். இன்னொரு முறை நட அவளிடம் தெம்பு இல்லை என்பது எனக்குத் தெரியும். அவள் சொல்லவில்லை, ஆனால் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அவள் உட்கார்ந்திருந்த விதத்தில் தெரிந்தது.

ஒருநாள் விடியலில் கிழக்கே பார்த்தால் கடல் பக்கமிருந்து வானம் கருங்கல் மாதிரி ஏறி வருகிறது. தையில் மழை! வசந்தா தெருவில் ஓடினாள். ஊரில் உள்ள டிராக்டர் அத்தனையும் அவரவர் நெல்லைத் தூக்கப் போய்விட்டன. பாய் சத்தம் கேட்டு வெளியே வந்தார்.

"எங்க தங்கச்சி கொண்டுபோய் வைக்கப் போற?"

"தெரியல பாய். முதல்ல அங்கேருந்து தூக்கினாப் போதும்."

பாய் உடனே போனை எடுத்தார். யாரோ ஒரு மண்டபத்துச் சமையல் மாஸ்டர். "மாஸ்டரே, பந்தி ஹாலைத் தொறந்து வைங்க. ஓனர்ட்ட நான் பேசிக்கிறேன். நெல்லு வருது." அவ்வளவுதான். நான் கல்யாண வீட்டில் வெட்கப்பட்டுத் தலைகுனிந்த அந்தச் சிநேகிதத்தில், மேடான இடத்தில் சிமெண்ட் தளம் போட்ட பெரிய ஹால் ஒன்று ஒரு நிமிஷத்தில் கிடைத்துவிட்டது.

இடம் கிடைத்தது, வண்டி கிளம்ப வேண்டுமே. பாய் டேங்கைத் திறந்தார். உள்ளே பாயசம். வசந்தா அடுப்பை அப்போதுதான் பற்ற வைத்திருந்தாள். அண்டா தொட்டால் ஜில்லென்றிருந்தது. முதல் தூறல் என் நெற்றியில் விழுந்தது. எங்கள் கொல்லை ஓரத்தில், வயலில் தண்ணீர் இறைக்கும் இன்ஜினுக்காக வசந்தா வாங்கி வைத்திருந்த டீசல் கேன் இருந்தது. நாங்கள் மூன்று பேருமே அதைப் பார்த்தோம். வசந்தா அதைக் கேட்கவில்லை. முந்தானையைக் கையில் முறுக்கிக்கொண்டு வானத்தையே பார்த்தாள்.

பாய் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம், "மாப்ள, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க" என்றார்.

நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். பின்னால் பானெட் திறக்கும் சத்தம், ரப்பர் குழாயைக் கழற்றும் சத்தம், ஸ்பேனர் சத்தம். டேங்கை விட்டுவிட்டு, கேனிலிருந்து நேராக இன்ஜினுக்குக் குழாய் போட்டு, காற்றை வெளியேற்றிக்கொண்டிருந்தார். "பிஸ்மில்லாஹ்" என்று ரொம்பச் சின்னக் குரலில் சொன்னது கேட்டது. சாவியைத் திருப்பினார். அந்த ஜீப் அவ்வளவு சுத்தமாக, ஒரே திருப்பில் கிளம்பி நான் பார்த்ததே இல்லை. தெருவில் அன்றைக்கு வடை மணக்கவில்லை. படுத்திருந்த நாய்கள் தலையைத் தூக்கின, மோந்து பார்த்தன, யாரோ வேற்று ஆள் என்று மறுபடி படுத்துக்கொண்டன.

முதல் நடைதான் டீசலில் போனது. மண்டபத்தில் நாங்கள் மூட்டைகளை இறக்குவதற்குள் மாஸ்டர் அண்டா வெந்நீரோடு வந்துவிட்டார். டேங்க் உருகியதும் பாய் முதல் வேலையாகக் குழாயைப் பழையபடி மாற்றினார். டீசல் கேனை எடுத்து யார் கண்ணிலும் படாமல் சாக்குக்குள் சுருட்டி வைத்தார். இரண்டாவது நடையில் வாழைக்காய் பஜ்ஜி வாசனையோடு வண்டி திரும்பியபோது நாய்கள் எல்லாம் துள்ளி எழுந்து பின்னால் ஓடி வந்தன. உரச்சாக்கிலும் கோணிச்சாக்கிலும் நெல்லை அள்ளி அள்ளிப் போட்டோம். எங்கள் நெல் முடிந்ததும் பக்கத்துக் குவியல்காரர்களின் நெல்லையும் ஏற்றினார். கடைசி நடை மண்டபத்துக்குள் நுழையும்போது வானம் கொட்டித் தீர்த்தது. கல்யாண வீட்டார் இலை போட்டுச் சாப்பிடும் இடத்தில் வசந்தா தன் நெல்லின் மேல் அப்படியே உட்கார்ந்து, அப்போதுதான் அழுதாள்.

அந்தக் கலகலப்பில் பாயைக் காணோம். ஜீப் வாசலில் நிற்கிறது, ஆளில்லை. எனக்கு அந்தச் சாவிச் சபதம் ஞாபகம் வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால், ஆற்றுப் பாலத்தின் நடுவில், மழையில் தொப்பலாக நனைந்துகொண்டு நிற்கிறார். கையில் சாவி.

"பாய்! என்ன பைத்தியக்காரத்தனம் இது?"

"சொன்ன சொல்லு ஒண்ணு இருக்குல்ல மாப்ள. ஊரறியச் சொல்லியிருக்கேன்."

"யாருக்கும் தெரியாது பாய். நான்கூடத் திரும்பித்தான் நின்னேன்!"

"எனக்குத் தெரியுமே."

இப்படிப்பட்ட மனிதரை என்ன செய்வது? கையைப் பிடித்து இழுத்தேன். திட்டினேன். பாலத்தில் சைக்கிளில் போனவர்கள் சம்பந்தி சண்டை என்று நினைத்துக்கொண்டு நின்று பார்த்தார்கள். அதற்குள் வசந்தா உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். விஷயத்தைக் கேட்டாள். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்:

"பாய், அந்தக் கேன் யாரோடது?"

"உன்னோடது."

"எதுக்கு வாங்கி வச்சது?"

"பயிருக்குத் தண்ணி எறைக்க."

"அப்ப அது என் நெல்லுக்குன்னு வாங்கின டீசல். என் நெல்லு குடிச்சிச்சு. உங்க வண்டி எங்க குடிச்சிச்சு? சும்மா நனையாம வாங்க."

பாய் யோசித்தார். ஆற்றைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார். எண்ணெயில் தண்ணீர் இருக்கிறதா என்று வாணலியை உற்றுக் கேட்பாரே, அதே மாதிரி அவள் சொன்னதை மனதுக்குள் காய்ச்சிப் பார்ப்பது தெரிந்தது. கடைசியில் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலமே டீக்கடையில் ஒருத்தர் கிளப்பினார். "என்ன பாய், காலைல உங்க வண்டி போறப்ப டீசல் நாத்தம் அடிச்சிச்சே? எங்க தெரு நாய்கூட எந்திரிக்கல."

பாய் டீ கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் அவருக்கு வராது. உண்மை வந்துவிடும் போலிருந்தது. ஊரில் அந்த ஜீப்பைப் பற்றி அதிகமாகப் புலம்பியவன் நான்தான் என்பதால் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"ஒரு சொட்டு கிடையாது" என்றேன், இரண்டு விரலை ஒட்டிக் காட்டி. "நான் பக்கத்துலயே நின்னேன். அந்த வண்டி டீசல் குடிச்சதே இல்ல. எழுதி வேணும்னாலும் தர்றேன்."

பாய் டீயை ஒரே மடக்காகக் குடித்துவிட்டு, சாவியை எடுத்து மேஜையில் டொக்கென்று வைத்தார்.

மழைக்குப் பிறகு குளிர் இன்னும் ஏறிவிட்டது. மறுநாள் விடியலில் வசந்தா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து கொல்லைக்குப் போய், ஈர விறகோடு மல்லுக்கட்டி, கண்ணெல்லாம் புகையாக, அடுப்பைப் பற்ற வைத்து அண்டாவை ஏற்றினேன். தண்ணீர் கொதித்து வரும்போது வாசல் கதவு தட்டப்பட்டது.

"தங்கச்சி! வெந்நீர் இருக்குமா?"

"அவ தூங்கறா" என்று கதவைத் திறந்தேன். "நான் போட்டுட்டேன். பார்த்துத் தூக்குங்க மச்சான், நல்லாக் கொதிக்குது."